பின்சீட்டில் பதினோரு நாள்

என் மனைவி மரகதவல்லி பதினோரு நாட்களாக பைக்கின் பின்சீட்டில் உட்கார்ந்திருக்கிறாள். வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. இறங்கு என்றேன். மாட்டாளாம்.

“வாசப்படி தாண்டியாச்சு. பாதியில இறங்கினா சகுனத் தடைங்க.”

சாப்பாடு, தூக்கம் எல்லாம் அங்கேயேதான். மடியில் வளையல் பை. அவள் அக்கா மகள் தேன்மொழிக்கு வளைகாப்பு. இவள் போய் முதல் வளையலைப் போட்டால்தான் பத்தாம் மாதம் தொடங்கும். அதுவரை ஒன்பதாம் மாதமே நடக்கட்டும் என்று ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். பாவம் அந்தப் பெண். உட்காரவும் முடியாமல் படுக்கவும் முடியாமல் தவிக்கிறாள்.

மெக்கானிக் சிக்கந்தர் பாய் வந்தார். இஞ்சினில் காதை வைத்துக் கேட்டார்.

“ஆயில் ஒத்துக்கல சார். என்ன நம்பர் ஊத்தணும்னு மூடியில போட்டிருப்பான், பாருங்க.”

பார்த்தோம். ஒன்பது ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, மூடி இட்லி மாதிரி உப்பியிருந்தது. நம்பர் அடியில் எங்கேயோ இருந்தது.

“சுரண்டுங்க பாய்.”

“சாமி கும்பிட்டு வச்ச பொட்டு சார். நீங்க சுரண்டுங்க.”

எனக்கும் கை வரவில்லை. எந்த வண்டிக்கு எந்த ஆயில் என்று சொல்லும் ஆயில் தேர்வு அலுவலகத்துக்கு நடந்தேன்.

அலுவலகம் எங்கள் தெருமுனையில்தான் இருந்தது. அதன் நடைபாதை மட்டும் மேலூர் வரை போனது. நடுவில் ஒரு டீக்கடை. டீ குடித்துவிட்டு மறுபடி நடந்தேன். கடைசியில் ஒரு அம்மா தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“நம்பர்?”

“பொட்டுக்கு அடியில இருக்குங்க.”

“எல்லாருக்கும் அங்கதான் இருக்கு. வண்டி ஓட்டுறது யாரு?”

“நான்.”

“பின்னாடி?”

“என் வீட்டுக்காரி. அவ அக்கா மக வளைகாப்புக்கு வளையல் கொண்டு போகணும். புள்ள ஒன்பதாம் மாசத்துலயே நிக்குது.”

“போறப்ப அவங்க என்ன பேசுவாங்க?”

“இஞ்சின் சத்தத்துல ஒண்ணும் கேக்காது.”

“எத்தன வருஷமா?”

“ஒன்பது.”

அந்த அம்மா கை கழுவிக்கொண்டு வந்து இரண்டு டப்பாக்களை வைத்தார். “இது கெட்டி, மெதுவாப் போறவங்களுக்கு. இது இளக்கம், பறக்குறவங்களுக்கு. எதுன்னு பின்னாடி உக்காந்திருக்கவங்கதான் சொல்லணும். தப்பா ஊத்துனீங்கன்னா வண்டி எந்திரிக்காது. அந்தப் புள்ளைக்கு ஒன்பதாம் மாசம்தான் ஆயுசுக்கும்.”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஓட்டுகிறவன் நான். என்னைக் கேட்காமல் அவளைக் கேட்பதாம்! இரண்டு டப்பாவையும் தூக்கிக்கொண்டு திரும்பி வரும்போது நடைபாதை நாலே எட்டுதான் இருந்தது. அந்த நாலு எட்டிலும் திட்டிக்கொண்டே வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் இளக்கமான ஆயில் டப்பாவைத் திறந்துவிட்டேன். ஊற்றப் போகும்போது தேன்மொழியின் முகம் நினைவுக்கு வந்தது. பயமாகிவிட்டது.

“பின்னாடி உக்காந்துகிட்டு என்னதான் சொல்லுவ?” என்று மரகதவல்லியைக் கேட்டேன்.

“மெதுவாப் போங்கன்னுதான். வேறென்ன?”

“தினமுமா?”

“தினமும்தான். காதுலயே வாங்கினதில்ல.”

பாய் என்னைப் பார்க்காமல் கெட்டி ஆயிலை ஊற்றினார். ஒரே உதையில் வண்டி கிளம்பியது. சத்தமே இல்லை. எனக்கு அழுகை வந்தது. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டேன்.

மெதுவாகப் போனோம். ஆடு ஒன்று எங்களைத் தாண்டிப் போனது. முதுகுக்குப் பின்னால் மரகதவல்லியின் குரல் தெளிவாகக் கேட்டது.

“இந்தா, இங்கதான் இடது பக்கம் திரும்பணும். கல்யாணம் ஆன மறுநாள்லேருந்து சொல்றேன். நேராவே போயிட்டிருக்கீங்க.”

திரும்பினேன். முதல் வீட்டு வாசலில் தேன்மொழி இரண்டு கைகளையும் நீட்டியபடி நின்றுகொண்டிருந்தாள்.