செடிக்கு ஒரு செம்பு

எலுமிச்சைச் செடியின் இலைகள் உள்பக்கமாகச் சுருண்டிருந்தன. மொட்டைமாடியில் துணி காயப்போட வந்த உலகம்மாள், ஈரச்சேலையைத் தோளில் போட்டபடியே தொட்டியருகே குனிந்தாள். புழுவாக இருக்குமோ என்று இலைகளைத் திருப்பிப் பார்த்தாள். ஒன்றுமில்லை. பூத்திருந்த பூவெல்லாம் தொட்டிக்குள்ளேயே உதிர்ந்து கிடந்தது. மண்ணுக்குள் விரலை விட்டாள். வெறும் புழுதி. தினமும் காலையில் செம்பு நிறையத் தண்ணீரோடு அவள் வீட்டுக்காரர் சுந்தரபாண்டி மாடியேறுவதைப் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறாள்?

தென்காசியிலிருந்து குற்றாலத்துக்கு வேன் ஓட்டியவர் அவர். கிட்னி இரண்டும் கெட்டுப்போன பிறகு வேனை விற்றாயிற்று. வாரம் இரண்டு தடவை ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். ஒரு நாளைக்குக் குடிக்கத் தண்ணீர் இவ்வளவுதான் என்று சின்ன பாட்டில் ஒன்றைக் காட்டிவிட்டார்கள். ரொம்பத் தாகமாக இருந்தால் எலுமிச்சைத் துண்டை நாக்கில் தடவிக்கொள்ளலாம் என்று நர்ஸ் நிவேதா சொன்னதைக் கேட்டுத்தான், செங்கோட்டை ரோட்டு நர்சரியில் இந்த ஒட்டுச்செடியை உலகம்மாள் வாங்கிவந்தாள். சும்மா உட்கார்ந்திருக்கிற மனுஷனுக்கு ஒரு வேலையாகவும் இருக்கும் என்று நினைத்தாள். அவரும் ஆசையாகத்தான் பார்த்தார். காய்ந்த சாணியை நொறுக்கிப் போட்டார். கம்பு ஊன்றிக் கட்டினார். முள் கீறிய கையை அவளிடம் பெருமையாகக் காட்டினார்.

மறுநாள் அவர் ஏறிய கொஞ்ச நேரத்தில் அவளும் ஏறினாள். மேற்கே மலையைப் பார்த்து நின்றிருந்தார். செம்பு வாயில் இருந்தது. மூச்சு விடாமல் குடித்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் செம்பைக் கவிழ்த்து, மிஞ்சிய சொட்டுகளைச் செடியின் மேல் உதறினார்.

"அது செடிக்கு ஊத்துத தண்ணில்லா?"

அவர் திரும்பவில்லை. "ஆமா" என்றார்.

"எடை கூடியிருக்குன்னு அந்த நர்ஸ் பிள்ள என்னைய ஏசும்போதெல்லாம் சொவத்தப் பாத்துக்கிட்டு இருந்தியளே. நான் ஆக்கிப் போடுததுதான் சரியில்லன்னுல்லா நெனச்சேன்."

உண்மைதான். அதற்காகவே குழம்பை நிறுத்தி, வீட்டில் இருவருமே துவையலைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டு வந்தார்கள்.

"சொன்னா இதுவும் போயிரும்லா, உலகு. எத்தன பேர அருவிக்குக் கூட்டிட்டுப் போயிருப்பேன். இப்பக் கண்ண மூடுனா அந்த எரச்சல்தான் கேக்கு. இந்த ஒரு செம்புக்காகத்தான் எப்ப விடியும்னு கெடக்கேன்."

"நெஞ்சுல நீர் கோத்தா என்னாவும்னு தெரியும்லா?"

"தெரியும்."

அவள் செம்பை வாங்கிக்கொண்டு இறங்கினாள். குடித்துவிட்டுப் போகட்டுமே என்று தோன்றியது. போகட்டும் என்ற சொல்லின் இன்னொரு அர்த்தம் பிறகுதான் உறைத்தது. படியிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டாள். இருந்தும் அடுத்த நாள் காலையில், கொஞ்சம் குறைவாகத் தண்ணீர் பிடித்து, செம்பை வழக்கமான இடத்தில் அவளே வைத்தாள். அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் எடுத்துக்கொண்டு போனார். அதற்கடுத்த நாளும் வைத்தாள்.

அந்த வாரமே ஒரு மத்தியானம் அவருக்குப் படுக்க முடியவில்லை. உட்கார்ந்தாலும் நெஞ்சுக்குள் களகளவென்று சத்தம். உதடு நீலம் பாரித்துவிட்டது. ஆட்டோவில் அவர் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தாள். மூக்கில் ஆக்சிஜன் மாட்டிய கையோடு நிவேதா திரும்பினாள்.

"ஏம்மா, நேத்து என்ன குடிச்சாரு?"

"தண்ணி. நான்தான் குடுத்தேன்."

நிவேதா அவளையே பார்த்தாள். ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இந்தத் தடவை பிழைத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்த மறுநாள் காலை உலகம்மாளே செம்பை எடுத்துக்கொண்டு மாடிக்குக் கிளம்பினாள். பின்னால் சுவரைப் பிடித்துப் பிடித்து அவர் ஏறி வந்தார்.

"நீங்க எதுக்கு இப்பம் ஏறுதிய?"

"பாத்துக்கிட்டாவது நிக்கேன்."

செடியில் பாதி இலை கொட்டியிருந்தது. அவர் தொட்டிக்குப் பக்கத்தில் மெள்ளக் குத்தவைத்து உட்கார்ந்தார். அவள் தண்ணீரைத் தூரில் ஊற்றினாள். வறண்ட மண் உஸ்ஸென்று குமிழ் விட்டு உள்ளே இழுத்தது. மறுபடி ஊற்றினாள். மறுபடி இழுத்தது. அவர் மண்ணைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மண் இழுக்க இழுக்க, அவருடைய தொண்டை ஏறி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.