மேனேஜர் உறுமவில்லை

நாய் பழக்குவதில் எனக்கு முப்பது வருட அனுபவம் என்று என் விசிட்டிங் கார்டு சொல்கிறது. அதற்குக் கீழே இன்னொரு வரி: 'உறுமல் பத்தே நாளில் நிற்கும்.' அந்த வரியை நான்தான் போடச் சொன்னேன். வேறு யார் மேலும் பழி போட வழியில்லை.

லிஃப்ட் மெக்கானிக் வீட்டு நாய்க்கு மேனேஜர் என்று பெயர். காலையில் அறை அறையாகப் போய், எல்லாரும் எழுந்துவிட்டார்களா என்று பார்த்துவிட்டுத்தான் தண்ணீர் குடிக்குமாம். போன மழைக்காலத்தில், இடுப்புப் பக்கம் யார் கை வைத்தாலும் அது உறும ஆரம்பித்தது. என்னைக் கூப்பிட்டார்கள். மெக்கானிக்கின் மனைவி வீட்டிலேயே திரைச்சீலை தைப்பவள். கழுத்தில் அளவு டேப்பும் வாயில் குண்டூசியுமாகக் கதவைத் திறந்தாள். ஊசியை எடுத்துவிட்டு அவள் கேட்ட முதல் கேள்வி இது:

"அதுக்கு எங்கயாவது வலிக்குதோ என்னவோ. டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிடலாமா மாஸ்டர்?"

"வலியும் இல்ல, வயித்தெரிச்சலும் இல்ல. செல்லம் கொடுத்து வந்த திமிரும்மா. பத்து நாள் என்கிட்ட விடுங்க" என்றேன்.

வேலை எளிது. இடுப்பில் கை வைப்பேன். உறுமினால் கழுத்துச் சங்கிலியை ஒரு சுண்டு. வாயை மூடிக்கொண்டிருந்தால் சட்டைப் பையிலிருந்து ஒரு பிஸ்கட். ஒன்பதாம் நாள் உறுமல் நின்றது. பத்தாம் நாள் கணவன் மனைவி இருவரையும் நிற்க வைத்து, இடுப்பை அழுத்தியே காட்டினேன். மேனேஜர் என் சட்டைப் பையைப் பார்த்தபடி பேசாமல் உட்கார்ந்திருந்தது.

"நாய் வாலை நிமிர்த்த முடியாதுன்னு எவன் சொன்னான்? உங்களைக் காட்டணும் அவனுக்கு" என்றார் மெக்கானிக். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

எட்டு மாதம் கழித்து அவரிடமிருந்து போன் வந்தது. அவருடைய அக்கா மகள், நாலு வயதுக் குழந்தை, விளையாட்டாக மேனேஜர் மேல் சாய்ந்திருக்கிறாள். அது திரும்பிக் கன்னத்தில் கடித்துவிட்டது. பதினோரு தையல்.

"ஊசி போட்டு முடிச்சிடலாம்னு இருக்கோம். நீங்க வந்து பிடிச்சுக்கிட்டா தேவல மாஸ்டர். நீங்க சொன்னாத்தான் அசையாம இருக்கும்."

கால்நடை மருத்துவமனையின் பின்னறையில் ஒரு தகர மேஜை, ஒரு கைகழுவும் தொட்டி, ஒரே ஒரு நாற்காலி. நாற்காலியில் அக்கா. நாய் சாவதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று வந்திருந்தார். மெக்கானிக் சுவரோரம். அவர் மனைவி கதவோரம், உள்ளே வரலாமா கூடாதா என்று தெரியாதவள் மாதிரி. என்னைப் பார்த்ததும் மேனேஜர் வாலை ஆட்டியது.

"எந்த நாயும் சும்மா கடிக்காது. முதல்ல உறுமும். இவ தையல் மெஷினை ஓட்டிக்கிட்டு காதுல வாங்கல. என் பொண்ணு முகம் போச்சு" என்றார் அக்கா, யாரையும் பார்க்காமல்.

"மெஷின் ஓடவே இல்ல அண்ணி. நான் பக்கத்துலதான் துணி வெட்டிக்கிட்டு இருந்தேன். ஒரு சத்தம் வந்திருந்தாலும் குழந்தையைத் தூக்கியிருப்பேன். சத்தியமா வரல."

"சத்தியம் வேற."

நாலு நாளாக அவள் இதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறாள் என்பது குரலிலேயே தெரிந்தது. மெக்கானிக் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாலு நாளாக அவர் அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லையாம்.

டாக்டரம்மா ஊசி போடுமுன் கடைசியாக ஒருமுறை உடம்பைத் தடவிப் பார்த்தார். இடுப்பில் கை நின்றது. அழுத்தினார். மேனேஜரின் பின்னங்கால்கள் வெடவெடவென்று நடுங்கின. வாய் மட்டும் இறுக மூடியிருந்தது. கண் என் சட்டைப் பையில் இருந்தது.

"மூட்டு மொத்தமா தேஞ்சு போயிருக்கு. ஒரு வருஷத்து வலியாவது இருக்கும். இவ்வளவு அழுத்துறேன், ஏன் இது வாயைத் திறக்க மாட்டேங்குது?"

யாருக்கும் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. பேசாமல் இருந்திருந்தால் தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிருக்கும். நாய் போயிருக்கும், பழி அந்தப் பெண்ணோடு போயிருக்கும், என் கார்டில் அந்த வரி அப்படியே இருந்திருக்கும். இப்படி நான் கணக்குப் பார்த்தேன் என்பதுதான் எனக்கு இன்றைக்கும் அருவருப்பாக இருக்கிறது. எரிகிறதைப் பிடுங்கினால் கொதிக்கிறது அடங்கும். நான் எரிகிறதை விட்டுவிட்டு மூடியை அழுத்திப் பிடித்திருக்கிறேன்.

"அந்தம்மா சொல்றது நிஜம். இது உறுமியிருக்காது. உறுமக் கூடாதுன்னு நான்தான் பழக்கினேன். வலிக்குதோன்னு அவங்க அன்னிக்கே கேட்டாங்க. திமிர்னு சொல்லிட்டேன்" என்றேன்.

அக்கா எழுந்து என் அருகில் வந்தார்.

"அப்போ என் பொண்ணைக் கடிச்சது நாய் இல்ல. நீதான்யா."

மெக்கானிக் தலையைத் தூக்கி மனைவியைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. டாக்டரைப் பார்த்தாள்.

"அப்போ இதை விட்டுடலாம்ல மேடம்? வைத்தியம் பண்ணிக்கலாம்ல?"

"வலியைக் குறைக்கலாம்மா. சுத்தமா போகாது. ஆனா எப்போ வலிக்குதுன்னு இது இனிமே யாருக்கும் சொல்லாது. குழந்தைங்க வந்து போற வீட்டுல நான் எதை நம்பி அனுப்புறது? குழந்தை இல்லாத வீடா, விவரம் தெரிஞ்சவங்களா யாராவது இருந்தா சொல்லுங்க."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். விவரம் தெரிந்தவன் நான்தானே. என் வீட்டில் இரண்டு பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். சின்னவள் இப்போதுதான் தவழ்கிறாள். ஊரில் உள்ள வீட்டுக்கெல்லாம் போய் 'பயப்படாதீங்க' என்று சொன்னவன், நான் பழக்கிய நாயைக் கண்டு நானே பயந்தேன். இல்லை என்று தலையாட்டினேன்.

மெக்கானிக் கையெழுத்துப் போட்டார். அவர் மனைவி வெளியே போகவில்லை. வந்து அதன் காதைப் பிடித்துக்கொண்டாள். நான் தோளைப் பிடித்தேன். நான் சொன்னால் அசையாமல் இருக்கும் என்றார்களே, அப்படியே இருந்தது.

ஊசி இறங்கும்போது அதன் உடம்பு ஒருமுறை விறைத்தது. குனிந்து அதன் காதருகில் சொன்னேன்: "உறுமுடா மேனேஜர். ஒரே ஒரு தடவை உறுமுடா."

அந்தச் சொல்லை நான் அதற்குக் கற்றுக்கொடுத்ததே இல்லை. அது வாயை மூடிக்கொண்டு என் சட்டைப் பையைப் பார்த்தது. பிஸ்கட்டை எடுத்துக் கொடுத்தேன். பாதியைத்தான் தின்றது.