ரோச் மச்சாதுவின் தபசு

மனிதன் பொய் சொல்லுவான், மனைவி மறைப்பாள், பங்குச் சாமியார்கூடப் பிரசங்கத்தில் நரகத்தின் சூட்டைக் கொஞ்சம் கூட்டித்தான் சொல்லுவார். இந்தப் பூவுலகில் பொய்யே சொல்லாத பொருள் ஒன்று உண்டென்றால் அது தராசுதான் என்று ரோச் மச்சாது இருபத்திரண்டு வருஷமாகச் சொல்லிவந்தார். அந்த இருபத்திரண்டு வருஷத்தில் ஒருநாள்கூட அவர் அதன்மேல் ஏறி நின்றதில்லை.

தூத்துக்குடியில் உப்பு ஏற்றுமதி செய்யும் கம்பெனி ஒன்றில் அவர் கப்பல் கிளார்க். புதுத் துறைமுகத்துக்கு இன்னும் கடலில் கல் கொட்டிக்கொண்டிருந்த காலம். கப்பல்கள் கரைக்கு வராமல் ஆறேழு மைல் தள்ளியே நங்கூரம் போட்டு நிற்கும். தோணிகளில் உப்பு மூட்டை போகும். ரோச் கம்பெனியின் மோட்டார் லாஞ்சுப் படகில் போய், கப்பலின் விலாவில் தொங்கும் கயிற்றேணியில் ஏறி, எடைச் சீட்டைக் கேப்டனிடம் நீட்டிக் கையெழுத்து வாங்கிவர வேண்டும். வேலை அவ்வளவுதான். ஆனால் வெள்ளை டிரில் கால்சட்டையும் தலையில் சோலாத் தொப்பியுமாக அவர் திரும்பி வரும்போது பார்க்கிறவர்களுக்கு, கப்பலையே அவர்தான் அங்கே நிறுத்திவிட்டு வருகிறார் என்று தோன்றும். "இன்னைக்கு கிரேக்கக் கேப்டனோட லஞ்சு" என்று மாதா கோவில் வாசலில் நின்று சொல்லுவார். லஞ்சு என்பது கப்பல் சமையல்காரன் போகிறபோக்கில் கொடுக்கும் ஒரு கோப்பைக் கறுப்புக் காப்பி.

எழுபத்தொன்றாம் வருஷம் மாசியில் ஒருநாள், அவர் ஏறிக்கொண்டிருந்தபோது கயிற்றேணியின் நாலாவது கட்டை இரண்டாக முறிந்தது. கிரேக்கக் கேப்டன் கம்பெனிக்குக் கடிதம் எழுதினார். ஏணி இத்துப்போனது என்று எழுதியிருந்தால் குடியா முழுகிவிடும்? 'உங்கள் ஆள் மிகவும் கனமானவர்' என்று எழுதிவிட்டார். கூட லஞ்சு சாப்பிட்ட மனுஷன்!

மானேஜர் தனராஜ் சாத்தான்குளத்து வாத்தியார் மகன். காகிதத்தில் இருந்தால்தான் மழையையே ஒப்புக்கொள்வார். அவரும் ஒரு காகிதம் கொடுத்தார். ஈஸ்டருக்கு மறுநாள் திங்கட்கிழமை காலை பத்து மணிக்குக் கிடங்குத் தராசில் மச்சாதுவை நிறுக்க வேண்டியது. தொண்ணூறு கிலோவுக்கு மேல் இருந்தால் இனிக் கப்பலுக்கு வளன் போவான். மச்சாது கிடங்கில் இருந்து மூட்டை எண்ணலாம்.

வளன் இருபத்தாறு வயதுக்காரன். ஏணியில் பல்லி மாதிரி ஏறுவான். அவனை வேலைக்குச் சிபாரிசு செய்து கொண்டுவந்தவர் ரோச்தான். காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தபோது அந்தப் பக்கத்து நெஞ்சு சுருக்கென்றது.

அன்றே கிடங்குக்குப் போய், எடைபோடுகிற ஞானையாவைக் கதவைச் சாத்தச் சொல்லிவிட்டுத் தராசில் ஏறினார்.

"தொண்ணூத்தியேழு அண்ணாச்சி" என்றான் ஞானையா. "தொப்பியக் கழட்டுங்க, பாப்போம்."

தொப்பியைக் கழற்றினார். தொண்ணூற்றியேழு.

மறுநாள் விபூதிப் புதன். தபசு காலம் தொடங்குகிறது. ரோச்சுக்கு நெற்றியில் சாம்பல் பட்டதுமே யோசனை பிறந்தது. காகித விஷயம் யாருக்கும் தெரியவேண்டாம். நாற்பது நாளும் ஒருசந்தி இருந்துவிட்டால் மோட்சமும் ஆச்சு, உத்தியோகமும் ஆச்சு. பூசை முடிந்து வெளியே வந்தவர் நாலு பேர் கேட்கச் சொன்னார்:

"இப்ப ரெண்டே ரெண்டு நாள் ஒருசந்தி இருந்தாப் போதும்னு ரோமாபுரியில சட்டத்தத் தளத்திட்டாங்க. ரோமாபுரி தளத்தலாம். இந்த ரோச் மச்சாது தளத்தமாட்டான். நாப்பது நாளும் ஒரே வேளதான்."

"உடம்பு தாங்குமா, ரோச்?" என்று ஒரு கிழவர் கேட்டார்.

"உடம்பு என்னத்த உடம்பு, மண்ணு" என்றார் ரோச், தொந்தியாக முன்னே நின்ற அந்த மண்ணின் மேல் கையை வைத்துத் தடவிக்கொண்டே.

சும்மா சொல்லக்கூடாது, சொன்னபடி இருந்தார். மத்தியானம் ஒருவேளை கஞ்சி, தொட்டுக்கொள்ள முருங்கைக்கீரை. காலையும் இரவும் வெறுங் கடுங்காப்பி. வெள்ளிக்கிழமை கர்த்தர் பாடுபட்ட நாளாகையால் தபசு இன்னும் ஒருபடி ஏறும். அன்றைக்கு இறைச்சி ஆகாது, மீன் ஆகும். ஆனால் பச்சை மீனில் ருசி இருக்கிறது, ருசியில் பாவம் இருக்கிறது என்று ரோச் அதையும் தள்ளிவைத்தார். கருவாடு ஏழை எளியதுகளின் சாப்பாடு. ஆகவே வெள்ளிக்கிழமை தோறும் கஞ்சிக்குச் சீலாக் கருவாடு. கண்டம் கண்டமாகச் சுட்டு, தபசின் தீவிரத்துக்குத் தக்கபடி நாலோ ஐந்தோ.

ஒரு வாரம் கழித்து வியாழக்கிழமை தொண்ணூற்றைந்து. ரோச் ஞானையாவின் தோளில் தட்டிக்கொடுத்தார். சனிக்கிழமை காலையில் போய் ஏறினார்.

"தொண்ணூத்தியாறரை" என்றான் ஞானையா.

"ஏலே, ஒழுங்காப் பாரு."

"முள்ளு அங்கனதான் நிக்கி. நான் என்ன செய்ய?"

நேற்று முழுவதும் ஒரு வேளைக் கஞ்சி, சாயங்காலம் முழங்காலில் நின்று சிலுவைப்பாதை. இன்றைக்கு ஒன்றரைக் கிலோ கூடுதல். தின்று கூடினாலும் பரவாயில்லை, ஜெபம் பண்ணியா கூடவேண்டும்?

அடுத்த வாரமும் அப்படியே. வியாழக்கிழமை தொண்ணூற்றுமூன்று, சனிக்கிழமை தொண்ணூற்றைந்து. மூன்றாம் வாரம் வியாழன் தொண்ணூற்றிரண்டரை என்று வந்த சந்தோஷத்தில் வெள்ளிக்கிழமை தபசை இரட்டிப்பாக்கினார். சனிக்கிழமை தொண்ணூற்றைந்து. செருப்பைக் கழற்றப் போனால் கால் அதில் புதைந்திருந்தது. கல்யாண மோதிரம் விரலைக் கவ்விக்கொண்டு வரமாட்டேன் என்றது.

"தராசு கெட்டுப்போச்சு" என்றார் ரோச். இருபத்திரண்டு வருஷ விசுவாசம் அந்த ஒரு வார்த்தையில் போயிற்று.

ஞானையா அவரை இறங்கச் சொன்னான். ஐம்பது கிலோ இரும்புக்கல்லைத் தூக்கி வைத்தான், ஐம்பது காட்டியது. இன்னொன்றை வைத்தான், நூறு. "தராசுக்கு உங்க மேல என்ன அண்ணாச்சி விரோதம்? கல்லு ஒழுங்காத்தான இருக்கு."

அப்படியானால் துரோகம் வீட்டுக்குள் இருந்துதான் வருகிறது. ரோச் கிடங்கிலிருந்து வீடு போய்ச் சேர்வதற்குள் தீர்ப்பு எழுதி முடித்துவிட்டார். மனைவி பிளாரன்ஸ் கஞ்சியில் நெய் விடுகிறாள். இல்லையென்றால் தேங்காய்ப்பால். வளன் அவள் வழியில் தூரத்துச் சொந்தம் என்பதும் அப்போது பார்த்து ஞாபகம் வந்தது.

"ஏளா, கஞ்சியில என்னத்தக் கலக்க?"

பிளாரன்ஸ் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "தண்ணியும் அரிசியும். வேற என்னத்தக் கலக்கணும்?"

"வளனுக்கு வேலை கெடைக்கணும்னு உனக்கு ஆசை. அதான் என்னப் பன்னிக்குட்டி மாதிரி கொழுக்க வைக்க."

வளனுக்கும் கஞ்சிக்கும் என்ன சம்பந்தம் என்று அவளுக்கு விளங்கவில்லை. அவளிடம்கூடக் காகிதத்தைக் காட்டாமல், மோட்சத்துக்கு என்று சொல்லித்தான் அவர் பட்டினி கிடந்தார். இப்போது கோபத்தில் எல்லாம் வெளியே வந்தது: கட்டை முறிந்தது, கடிதம், தொண்ணூறு கிலோ. பிளாரன்ஸ் கீரையைக் கீழே வைத்தாள்.

"அப்ப இது ஆண்டவருக்கு இருந்த ஒருசந்தி இல்லியா? நீங்க ஒத்தையில பசிச்சிருக்கீங்களேன்னு நானும் ராச்சாப்பாடு இல்லாம மூணு வாரமாக் கெடக்கேன். நீங்க என்னச் சொல்லுதீங்க துரோகின்னு!" கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "அடுப்பு அங்கன இருக்கு. இனிமே உங்க கஞ்சிய நீங்களே வச்சுக்குங்க."

ரோச் தானே கஞ்சி வைத்தார். அவருக்குக் கீரை ஆயத் தெரியாது, சுடத்தான் தெரியும். ஆகவே வெள்ளிக்கிழமை மட்டும் இருந்த கருவாடு எல்லா நாளைக்கும் வந்துசேர்ந்தது. அந்த வாரம் எடை இறங்கவே இல்லை. தொண்ணூற்றாறில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது.

இனிச் சந்தேகப்பட மேலே ஒருவர்தான் பாக்கி. அந்த ஞாயிற்றுக்கிழமை பூசையில் ரோச் பனிமய மாதாவை நிமிர்ந்து பார்க்காமலே முழங்காலிட்டு எழுந்தார். பேச்சுவார்த்தை இல்லை என்று மாதாவுக்குத் தெரியட்டும்.

மறுநாள், பேயிடம் போகிறோமே என்று நினைத்துக்கொண்டு டாக்டர் தேவபிரசாதத்திடம் போனார். டாக்டர் நாசரேத்துக்காரர், சீர்திருத்த சபை. கத்தோலிக்கத் தபசின் தோல்வியை அவரிடம் போய்ச் சொல்லவேண்டியிருக்கிறதே என்பது ரோச்சுக்கு எடையைவிடப் பெரிய பாரமாக இருந்தது.

டாக்டர் அவர் கணுக்காலில் கட்டைவிரலை அழுத்தி எடுத்தார். குழி விழுந்து, மேலே எழும்ப மனசில்லாமல் அப்படியே கிடந்தது.

"என்ன ஓய் சாப்பிடுதீரு?"

"ஒண்ணுமே இல்ல டாக்டர். ஒருவேளக் கஞ்சி."

"தொட்டுக்கிட?"

"கருவாடு. அது ஒரு சாப்பாடா?"

"எத்தன துண்டு?"

"அத எவன் எண்ணினான்?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "வயித்துக்குள்ள உப்பளம் போட்டுட்டு, தண்ணி தேங்குதுன்னு வந்து நிக்கீரே. நீரு கொழுக்கல ஓய், ஊறுதீரு. கூடுறதும் தண்ணி, குறையிறதும் தண்ணி. சனிக்கிழம ஏறினா ஏறினதுமில்ல, வியாழக்கிழம இறங்கினா அத்தனையும் இறங்கினதுமில்ல. கருவாடு, ஊறுகாய், கஞ்சிக்குப் போடுத உப்பு எல்லாத்தையும் நிறுத்தும். வயித்துக்குக் கொஞ்சம் கூடவே சாப்பிடும். இப்பிடிப் பட்டினி கெடந்தா கால்ல சத்து இருக்காது." உடம்பில் கண்டதை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். பிறகு கேட்டார்: "உங்க ஒருசந்தியில உப்புக்குத் தடையே கெடையாதோ?"

ரோச் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். சொந்த ஊர் உப்பே காலை வாரிவிட்டது! தராசு நல்லது, ஞானையா நல்லவன், பிளாரன்சும் நல்லவள். அவளிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று தோன்றியது. ஈஸ்டர்ப் பாஸ்கு முடியட்டும் என்று தள்ளிவைத்தார்.

உப்பை நிறுத்தினார். டாக்டர் சொன்னதில் அந்தப் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார். கூடச் சாப்பிடச் சொன்னது கேட்காத மாதிரி இருந்துவிட்டார். வாரத்துக்கு வாரம் முள் இறங்கியது. பிளாரன்ஸ் பேசாமலே வந்து அடுப்பைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். பாஸ்குக்கு முந்தின நாள், பெரிய சனிக்கிழமை காலையில் ஞானையா சத்தமாகச் சொன்னான்: "எம்பத்தொன்பதரை!" ரோச் அவனைக் கட்டிக்கொண்டார். அப்போது அவருக்குத் தலை சுற்றியதை ஆனந்தம் என்று எடுத்துக்கொண்டார்.

பாஸ்கு ஞாயிறு வந்தது. ஊரே நாற்பது நாள் காய்ந்த வயிற்றை நிரப்பிக்கொண்டிருந்தது. ஆட்டுக்கறி வந்தது, பார்த்துவிட்டுத் தள்ளிவைத்தார். கேக்கு வந்தது, முகத்தைத் திருப்பிக்கொண்டார். உப்பில்லாத கஞ்சி மட்டும் தொண்டையில் இறங்கமாட்டேன் என்றது. பரணியைத் திறந்து உப்பு நார்த்தங்காயில் ஒரு துண்டு எடுத்தார்.

"வேண்டாங்க. நாளைக்கு நிறுக்காங்க" என்றாள் பிளாரன்ஸ்.

"ஏளா, ஒரு துண்டு நார்த்தங்கா ஒரு மனுஷன என்ன செய்யும்?"

ஒரு துண்டு ஒன்றும் செய்யாதுதான். பரணி பாதியாகிவிட்டது.

திங்கட்கிழமை பத்து மணிக்கு மானேஜர் தனராஜும் வளனும் பார்த்து நிற்க ரோச் தராசில் ஏறினார்.

"தொண்ணூத்தியொண்ணு" என்றான் ஞானையா, தன் வீட்டுச் சாவு மாதிரி.

வளன் கப்பலுக்குக் கொண்டுபோகும் எடைச் சீட்டுக்காகக் கையை நீட்டினான். நீட்டிய அந்தக் கையைப் பார்த்ததும் ரோச்சுக்கு எங்கிருந்தோ வேகம் வந்தது.

"சார், நிக்கட்டும்! காத்து ஈரத்துல உப்பு மூட்டை எடை கூடும்னு நூத்துக்கு ரெண்டு ஈரக் கழிவு போடுதோம்ல?"

"போடுகிறோம்."

"எனக்கும் போடுங்க. உள்ள இருக்கது உப்பும் தண்ணியும். டாக்டர் சீட்டு இருக்கு."

ஞானையா வாயைப் பொத்திக்கொண்டான். மானேஜர் சிரிக்கவில்லை. சீட்டை வாங்கி இரண்டு தரம் படித்தார். 'உப்பினால் நீர் தேக்கம்' என்று பட்டம் பெற்ற ஒருவர் கையெழுத்துப் போட்டிருக்கிறார். கழிவுக்கு விதி இருக்கிறது. விதியில் மூட்டை என்றுதான் இருந்தது. மனுஷனுக்குக் கூடாது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை.

"மொத்த எடை தொண்ணூற்றொன்று. ஈரக் கழிவு ஒன்று புள்ளி எண்பத்திரண்டு. நிகரம் எண்பத்தொன்பது புள்ளி பதினெட்டு" என்று சொல்லிச் சொல்லி எழுதி முத்திரை போட்டார். "மச்சாது, பதினொரு மணிக்கு லாஞ்சு."

வளன் நீட்டிய கையை இழுத்துக்கொண்டான். ரோச் சோலாத் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். இரண்டு மாதத்தில் முதல்முறையாக யாரும் அவருக்குத் துரோகம் செய்யவில்லை.

கடல் அமைதியாக இருந்தது. மறுபடி உப்புக்கு வந்திருந்த அதே கப்பலின் விலாவில் புத்தம்புதுக் கயிற்றேணி தொங்கியது. மேலே கைப்பிடியில் சாய்ந்துகொண்டு கேப்டனும் ஏழெட்டு மாலுமிகளும் பார்த்தார்கள். ரோச் எடைச் சீட்டுகளைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு ஏறினார். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. கட்டை ஒவ்வொன்றும் உறுதியாக நின்றது. ஆறாவது கட்டையில் அவருடைய முழங்கால் இரண்டும் கிடுகிடுவென்று ஆடத் தொடங்கின. தொண்ணூற்றியேழு கிலோவை இருபத்திரண்டு வருஷம் சுமந்த கால்கள், எண்பத்தொன்பது புள்ளி பதினெட்டை இன்னொரு கட்டை மேலே கொண்டுபோக மறுத்துவிட்டன. மேலேயும் போக முடியவில்லை, கீழேயும் இறங்க முடியவில்லை. லாஞ்சுக்காரன் கீழிருந்து, "பிடிய விட்டுராதீங்க சார்!" என்று கத்தினான்.

கேப்டன் மேலிருந்து என்னவோ உத்தரவு போட்டார். தோணியிலிருந்து உப்பைத் தூக்கிக்கொண்டிருந்த பாரந்தூக்கி, மூட்டை வலையோடு ஏணிப் பக்கம் திரும்பியது.

ரோச் மச்சாதுவை வலையில் வைத்துத்தான் கப்பலுக்குள் இறக்கினார்கள். அந்த வலையில் அவரோடு பன்னிரண்டு உப்பு மூட்டைகளும் இருந்தன.