வந்து பார்த்துவிட்டுப் போகும் மீன்கள்

என் கணவர் இறந்து எட்டு மாதம் கழித்து, அவருடைய தூண்டிலைக் கேட்டு என் நாத்தனார் போன் செய்தாள்.

"அண்ணி, அண்ணனோட தூண்டில் சும்மாத்தானே கிடக்கு. நான் எடுத்துக்கட்டுமா?"

சுற்றி வளைத்துப் பேசும் பழக்கம் அவர்கள் குடும்பத்தில் யாருக்கும் கிடையாது. சரி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வேறு ஏதோ வந்தது.

"எடுத்துக்கோ. அதுக்கு முன்னாடி ஒரு தடவை என்னையும் ஆத்துக்குக் கூட்டிட்டுப் போ."

மறுமுனையில் அவள் கடையில் லென்ஸ் தேய்க்கும் இயந்திரம் ஓடுவது மட்டும் கேட்டது. அவளுக்குக் கண்ணாடிக் கடையில் வேலை.

"ஞாயித்துக்கிழமை ஆறரை மணி ரயிலு. பழைய செருப்பா போட்டுட்டு வாங்க," என்றாள்.

என் கணவர் லிஃப்ட் மெக்கானிக். வாரத்தில் ஆறு நாள் கிரீஸும் கம்பியுமாகக் கிடப்பார். ஏழாவது நாள் விடியும்போதே தூண்டிலைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். கல்யாணமாகிப் பதினான்கு வருடத்தில் ஒரு ஞாயிறுகூட நான் கூடப் போனதில்லை. அக்கம்பக்கத்தில் கேட்டால், "மீனைக் கட்டிக்கிட்டிருக்க வேண்டிய மனுஷன், தெரியாம என்னைக் கட்டிக்கிட்டார்" என்று சொல்லிச் சிரிப்பேன். உண்மையில் எனக்கு அதில் வருத்தமே இருந்ததில்லை. ஆஸ்பத்திரியில் நாள் முழுக்க எக்ஸ்ரே எடுப்பவள் நான். காலையிலிருந்து சாயங்காலம்வரை ஆட்களைத் திருப்பி நிறுத்தி, மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க என்று சொல்லிச் சொல்லி அலுத்துப் போயிருக்கும். ஞாயிற்றுக்கிழமை அவர் கதவைச் சாத்திவிட்டுப் போகும் சத்தம் கேட்டதும் படுக்கையில் கையைக் காலை நீட்டிப் போட்டு, வீடு முழுக்க என்னுடையது என்று கிடப்பேன். பிள்ளை குட்டி இல்லாத வீடு. அந்த அமைதி எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. இப்போது வாரத்தில் ஏழு நாளும் அதே அமைதிதான். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

ரயிலில் நானும் அவளும் எதிரெதிரே உட்கார்ந்தோம். தூண்டில் கோலைத் துணிப்பையோடு மடியில் குறுக்கே வைத்திருந்தாள். எங்களுக்குள் பேச்சு வார்த்தை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. அண்ணனும் தங்கையும் சண்டை போட்டு ஒன்றரை வருடம் பேசாமல் இருந்து, பேசாமலே அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். சாவுக்கு வந்தவள் சுவரோரமாக நின்று அழுதாள். தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டாள்.

சண்டைக்குக் காரணம் என்று பார்த்தால் ஒரு ஜோக். எங்கள் வீட்டில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். அவள் கணவருக்கு அப்போது வேலை போய் மூன்று வருடம். என்னவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, "மாப்பிள்ளை மூணு வருஷமா வேலை தேடுறாரு. சோஃபாவுக்கு அடியிலதான் எங்கயோ விழுந்திருக்குன்னு நினைக்கிறேன், அதை விட்டு எழுந்திரிக்கவே மாட்டேங்கிறாரு" என்றார். எல்லோரும் சிரித்தோம். மாப்பிள்ளைதான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்ததைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினாள். அதற்குப் பிறகு அவள் எங்கள் வீட்டு வாசற்படி மிதிக்கவில்லை.

ஸ்டேஷனிலிருந்து கால் மணி நேர நடை. ஒரு பழைய கல் பாலம், அதற்குக் கீழே ஆறு அகலமாக விரிந்து, ஓடுகிறதா நிற்கிறதா என்று தெரியாதபடி கிடந்தது. வெயில் இன்னும் ஏறவில்லை. தண்ணீரின் மேல் வட்டம் வட்டமாக விழுந்துகொண்டிருந்தது. மழைத் தூறல் என்று நினைத்து அண்ணாந்து பார்த்தேன்.

"மழையில்ல அண்ணி. மீனு. பூச்சி தின்ன மேல வருது," என்றாள். கல்யாணத்துக்கு முன் அண்ணனோடு அவள் இங்கே வந்துகொண்டிருந்தவள். கோலைப் பூட்டி, ரீலை மாட்டி, நைலான் நரம்பை வளையங்களுக்குள் கோத்தபோது அவள் விரல்கள் எதையும் மறந்திருக்கவில்லை.

பெட்டியை என்னிடம் கொடுத்தாள். "நீங்க எடுத்துக் குடுங்க."

அந்தப் பெட்டி எனக்குத் தெரியும். உள்ளே இருநூறு பொய் ஈக்களாவது இருக்கும். தூண்டில் முள்ளில் இறகையும் நூலையும் ரோமத்தையும் சுற்றி, மீனை ஏமாற்றப் பூச்சி மாதிரியே செய்வது. சாப்பாட்டு மேஜையில் விளக்கைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு அவர் கட்டிக்கொண்டிருப்பார். குழம்பில் இறகு கிடக்கிறது என்று நான் கத்தியிருக்கிறேன். எது எதற்கு என்று அவர் எதிலும் எழுதி வைக்கவில்லை.

அவர் பெருமையாக எல்லோரிடமும் காட்டிய ஆரஞ்சு நிற ஈயை முதலில் எடுத்தேன். விரித்த இறக்கை, நீள மீசை. அவள் கட்டி வீசினாள். நரம்பு காற்றில் ஒரு வளைவு வளைந்து போய், ஈ தண்ணீரில் சத்தமில்லாமல் உட்கார்ந்தது. மிதந்து வந்தது. அதற்கு அடியில் ஒரு நிழல் எழும்பி, நின்று, அதோடு கூடவே கொஞ்ச தூரம் நகர்ந்து, அப்படியே இறங்கிப் போய்விட்டது. ஒரு முழம் தள்ளி இன்னொரு வட்டம் விழுந்தது.

"வந்து பார்த்துட்டுப் போகுது," என்றாள்.

பழுப்பு ஒன்று கொடுத்தேன். பிறகு கறுப்பு. பிறகு வெள்ளை இறக்கை வைத்தது. அவள் கண்ணாடியில் ஒரு பூச்சி வந்து ஒட்டிக்கொண்டது. கண்ணாடியைக் கழற்றி, கடையில் லென்ஸைப் பார்ப்பது போலவே வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள். சாம்பல் நிறம், கொசுவைவிடக் கொஞ்சம் பெரிது. அதே அளவில், அதே நிறத்தில், சின்ன இறக்கை வைத்த ஒன்றைத் தேடி எடுத்தோம். இதில் கட்டாயம் மாட்டும் என்று இருவருமே நினைத்தோம். அதையும் மீன் பார்த்தது. பார்த்துவிட்டுப் போய்விட்டது. ஆறு முழுக்கப் பந்தி நடந்துகொண்டிருந்தது, எங்களைத்தான் யாரும் மதிக்கவில்லை.

ஏழாவது ஈயை அவிழ்த்து என் உள்ளங்கையில் வைத்தபோது அவள் என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"அண்ணன் எனக்கு மெசேஜ் அனுப்பினது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும். எங்கிட்ட காட்டிட்டுத்தான் அனுப்புவார்."

ஒவ்வொரு ஞாயிறும் அனுப்புவார். பிடித்த மீனின் படம், ஏதாவது ஜோக், இரண்டு பேரும் அரை டிராயரோடு நிற்கும் பழைய போட்டோ. அவள் பிறந்தநாளுக்குத் தன் கரகரத்த குரலில் வாழ்த்துப் பாட்டுப் பாடி அனுப்பினார். அனுப்பிவிட்டு போனையே பார்த்துக்கொண்டிருப்பார். இரண்டு நீலக் கோடு விழும். "பார்த்துட்டா," என்பார். கொஞ்ச நேரம் கழித்து, "பதில் இல்ல," என்பார். அடுத்த வாரத்துக்கு வேறு எதை அனுப்பலாம் என்று யோசிக்க ஆரம்பித்துவிடுவார்.

"எதை அனுப்பியிருந்தா நீ பேசியிருப்ப?" என்று கேட்டேன். குத்திக் காட்டுவதற்காக இல்லை. எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

அவள் கரையில் உட்கார்ந்து கோலை முழங்காலில் சாய்த்துக்கொண்டாள்.

"எதுக்கும் பேசியிருக்க மாட்டேன் அண்ணி. அவன் ஓயட்டும்னு இருந்தேன். அவன் அனுப்பி நான் பேசினா, அவன் ஜோக்குல ஜெயிச்ச மாதிரி ஆயிடும். அவன் விட்டதுக்கப்புறம் நானா போன் பண்ணணும்னு ஒரு வீம்பு." கண்ணாடியைத் துடைத்தாள். "கடைசியா ஒரு ஞாயித்துக்கிழமை ஒண்ணும் வரல. ராத்திரி வரைக்கும் பார்த்தேன். சரி, ஓஞ்சுட்டான், அடுத்த ஞாயிறு நம்மளே பேசிடலாம்னு நினைச்சேன். என்ன பேசறதுன்னுகூட யோசிச்சு வச்சிருந்தேன். வியாழக்கிழமை உங்க போன் வந்துடுச்சு."

வியாழக்கிழமை மத்தியானம் ஒன்பது மாடி ஆபீஸ் ஒன்றின் மொட்டை மாடியில், லிஃப்ட் மோட்டார் அறைக்குள், கையில் ஸ்பானரோடு அவர் சரிந்திருந்தார். அவர் ரிப்பேர் செய்து முடித்திருந்த லிஃப்டிலேயே அவரைக் கீழே இறக்கினார்கள். எனக்கு அது எல்லாம் ஞாபகம் இருக்கிறது. அந்த வியாழனுக்கு முந்தின ஞாயிறும் ஞாபகம் இருக்கிறது.

சொல்லாமல் விட்டிருக்கலாம். அவளுக்குத் தெரிந்திருக்கவே போவதில்லை.

"அன்னைக்கு அனுப்ப வேணாம்னு சொன்னது நான்தான்," என்றேன்.

அவள் திரும்பினாள்.

"காலையிலயே ஏதோ ஒரு படத்தை வச்சுக்கிட்டு, இதை அனுப்பட்டுமா, அதை அனுப்பட்டுமான்னு என் உயிரை வாங்கினார். நீ ஒரு வார்த்தை அவகிட்ட பேசேன்னு கெஞ்சினார். உங்க அண்ணன் தங்கச்சி சண்டையில நான் தலையிட மாட்டேன்னு சொல்லிட்டேன். ஒன்றரை வருஷமா தொங்கிட்டிருக்கீங்களே, உங்களுக்கு ரோஷமே இல்லையா, வேணும்னா அவளே பேசட்டும்னு சொன்னேன். அவர் போனை சார்ஜ்ல போட்டுட்டு, தூண்டிலை எடுத்துட்டுக் கிளம்பிட்டார்."

அவள் அழவில்லை. திட்டவும் இல்லை. கோலைத் தரையில் வைத்துவிட்டு, "நீங்க அப்படிச் சொன்னதாலதான் எனக்குப் பேசணும்னு தோணியிருக்கு," என்றாள். விரல்களை மடக்கி எண்ணினாள். திங்கள், செவ்வாய், புதன், வியாழன். "நாலு நாள் அண்ணி. அன்னைக்கே பேசியிருக்கலாம். அடுத்த ஞாயிறு பேசிக்கலாம்னு நாள் குறிச்சேன் பாருங்க."

அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. அதனால் தண்ணீரைப் பார்த்தேன். வேறு எங்கே பார்ப்பது என்று தெரியாமல், ஒரே வட்டம் விழுகிற இடத்தை, எக்ஸ்ரே படத்தைப் பார்ப்பது போல அங்குலம் அங்குலமாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எவ்வளவு நேரமோ தெரியாது. மீன் வந்தது, வட்டம் விழுந்தது, போனது. மறுபடி வந்தது. அப்போதுதான் கண்ணில் ஒன்று பட்டது.

"வாய் வெளிய வரல," என்றேன்.

"என்னது?"

"மேல வருதுன்னு சொல்றியே, வாயே தெரியல பாரு. முதுகுதான் தெரியுது, அப்புறம் வாலு. வாய் வெளிய வந்து பூச்சியைக் கவ்வினா ஒரு நீர்க்குமிழியாவது நிக்கணும் இல்ல? ஒண்ணும் நிக்கல."

அவள் எழுந்து என் பக்கத்தில் வந்து குந்தினாள். இரண்டு மூன்று வட்டங்களைச் சேர்ந்து பார்த்தோம்.

"ஆமா," என்றாள் மெதுவாக. "பூச்சி அடியில இருந்துதான் பொரிஞ்சு மேல வரும். இறக்கை முளைச்சுப் பறக்கிறதுக்குள்ள, தண்ணிக்குள்ளயே வச்சுத் தின்னுடுது. நாம மேல மிதக்க விட்டுட்டு இருக்கோம்."

பெட்டியைக் கவிழ்க்காத குறையாகத் தேடினேன். அடித்தட்டில், மூலையில், இறக்கையே இல்லாமல் ஒன்று கிடந்தது. சாம்பல் ரோமம் இரண்டு சுற்று, அவ்வளவுதான். துணியில் பிய்ந்த நூல் போல இருந்தது. மேஜைக்கு அடியில் கிடந்த இதே போன்ற ஒன்றைக் குப்பை என்று நான் பெருக்கித் தள்ளி, அவர் முறத்திலிருந்து பொறுக்கி எடுத்தது நினைவுக்கு வந்தது. அவள் அதைக் கட்டி, வாயில் போட்டு எச்சிலில் நனைத்தாள். நனைந்தால்தான் மிதக்காமல் அமிழுமாம்.

வீசினாள். ஈ கண்ணுக்குத் தெரியவில்லை. நரம்பு மட்டும் மெல்ல நகர்ந்து வந்தது. வந்துகொண்டிருந்த நரம்பு ஒரு இடத்தில் நின்றது.

கோல் வில்லாக வளைந்தது. ரீல் கிறீச்சிட்டது. மீன் பாலத்தை நோக்கி ஓடியது, திரும்பியது, குதித்தது. "விட்டுப் பிடி, விட்டுப் பிடி," என்று ஏதோ தெரிந்தவள் மாதிரி நான் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. கண்ணாடி மங்கிப்போய், ஒன்றும் தெரியாமலே ரீலைச் சுற்றினாள்.

"எனக்குக் கண்ணு தெரியல அண்ணி. நீங்க இறங்குங்க."

முழங்கால்வரை தண்ணீரில் இறங்கினேன். குளிர் எலும்புக்குள் போனது. மீனை இரண்டு கையாலும் ஏந்தினேன். என் முழங்கை அளவு இருந்தது, பக்கவாட்டில் புள்ளி புள்ளியாக. முள் உதட்டோரத்தில்தான் மாட்டியிருந்தது, லேசாகத் தள்ளியதும் கழன்றுவிட்டது. அவர் மீனை வீட்டுக்குக் கொண்டுவந்ததே இல்லை என்பதால் விட்டுவிட வேண்டும் என்று மட்டும் தெரிந்திருந்தது. ஆனால் கையை எடுத்ததும் அது பக்கவாட்டில் சாய்ந்தது. வெள்ளை வயிறு தெரிந்தது.

"நிமித்திப் பிடிங்க. தண்ணி வர்ற பக்கம் பார்த்துத் தலையை வைங்க. அது மூச்சு வாங்கணும்," என்று கரையிலிருந்து சொன்னாள்.

பிடித்துக்கொண்டேன். செவுள் திறந்து மூடுவது விரலில் தெரிந்தது. மூச்சை இழுங்க என்று என் வாய் தன்பாட்டுக்குச் சொன்னது. ஒரு மீனிடம் மரியாதையாக, ஆஸ்பத்திரிக் குரலில். அவள் அழுதுகொண்டே சிரித்துவிட்டாள். ஐந்து நிமிடம் போயிருக்கும். மீன் கைக்குள் ஒரு உதறு உதறியது. பிறகு கை காலியாக இருந்தது.

மறுபடி வீசவில்லை. அவள் கோலைக் கழற்றித் துடைத்துப் பையில் போட்டாள். நான் சேலையைப் பிழிந்துகொண்டேன். தண்ணீரில் வட்டங்கள் இன்னும் விழுந்துகொண்டுதான் இருந்தன.

பாலத்தின் மேல் ஏறியதும், "அன்னைக்கு என்ன பேசணும்னு யோசிச்சு வச்சிருந்த?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் பெரிசா இல்ல. எங்க வீட்டுக்காரருக்கு வேலை கிடைச்சிடுச்சு, குடோன்ல. அதைத்தான் சொல்லலாம்னு."

நல்ல வேலையா என்று கேட்டேன். பரவாயில்லை என்றாள்.

திரும்பும் ரயிலில் நல்ல கூட்டம். எங்கள் பெட்டியில் ஒரே ஓர் இடம்தான் காலியாக இருந்தது.

"உட்காருங்க அண்ணி, நனைஞ்சிருக்கீங்க."

"நீ உட்காரு. காலையிலேர்ந்து நின்னுட்டே இருந்த."

"இல்ல, நீங்க உட்காருங்க."

"சொன்னாக் கேளு."

நாங்கள் இருவரும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டிருந்தபோது, இரண்டு கையிலும் பையோடு ஒருவர் வந்து அங்கே உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். அவள் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். ஊர் வரும்வரை ஒரே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தோம்.