ஒன்பதாயிரம் வருடக் குத்தகை

மனைவி ஜனகா வேண்டாம் என்று சொல்லிவிடுவாள் என்றுதான் கிருபாலன் மலைபோல நம்பியிருந்தான். வியாழக்கிழமை சாப்பாட்டு மேசையில் விஷயத்தைப் போட்டு உடைத்தான். கடலோர உம்பாயில் ஒரு கடை, மூன்று வருடக் குத்தகை, பமேலாவோடு கூட்டு, சனிக்கிழமை மூன்று மணிக்குக் கையெழுத்து. சொல்லிவிட்டு, கன்னத்தில் அறை விழப் போகிறது என்று தெரிந்தவன் மாதிரி உட்கார்ந்திருந்தான்.

ஜனகா இடைநிலைப்பள்ளி ஆசிரியை. எதையும் இரண்டு முறை திருத்திப் பார்க்காமல் விடாதவள். அவள் மீன் முள்ளை ஓரமாக ஒதுக்கி வைத்துவிட்டு, "போட்டுடுங்களேன்" என்றாள்.

"யோசிச்சுத்தான் சொல்றியா?"

"என் சம்பளம் இருக்கு. நம்ம மகளும் படிச்சு முடிச்சு வேலைக்குப் போயிட்டா. ஏழு வருஷமா நீங்க யோசிக்கிறத பார்த்துப் பார்த்து எனக்குத்தான் அலுத்துப் போச்சுலா."

கிருபாலனுக்கு அதற்குமேல் சோறு இறங்கவில்லை. அன்று ஆடத் தொடங்கியது அவன் வலது கால். மேசைக்கு அடியில் ஆடியது, தொழிற்சாலைக் கூட்டத்தில் ஆடியது, கோயிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தபோதுகூட முழங்கால் மட்டும் தனியாகத் துடித்துக்கொண்டிருந்தது.

அவனுக்கு வயது நாற்பத்தெட்டு. மலாக்காவில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் இருபத்து நான்கு வருடமாகத் தரக்கட்டுப்பாட்டுப் பொறியாளர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த தாத்தா ரயில்வேயில் கிளார்க். அப்பா கருவூலத்தில். அண்ணன் அம்பிகைபாகன் நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். மாதக் கடைசியில் சம்பளம் வரும் என்பதை அந்தக் குடும்பம் மழை வெயில் மாதிரி இயற்கையின் ஏற்பாடு என்றே எண்ணி வந்தது. கடை போட்டவன், லாரி வாங்கி ஓட்டியவன், கடனுக்குப் பயந்து ஊரைவிட்டு ஓடியவன் என்று மூன்று தலைமுறையில் தேடினாலும் ஒருவன் அகப்பட மாட்டான்.

இப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளையைத் தொழிற்சாலை பதினைந்து வருடத்துக்கு முன்னால் எட்டு மாதப் பயிற்சிக்கு அயர்லாந்துக்கு அனுப்பிவைத்ததுதான் வினை. லிமரிக் நகரத்து மழையில் அவனுக்கு வேறு பொழுதுபோக்கு இல்லை. நூலகத்தில் உட்கார்ந்து அந்த நாட்டுத் தொழில்முனைவோர் கதைகளாகப் படித்துத் தள்ளினான். திரும்பி வந்தவன் வாய் மூடவில்லை. இளைஞர் மன்றம், ஆலய மண்டபம், தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் சங்கம் என்று யார் கூப்பிட்டாலும் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவான்.

நன்றாகத்தான் பேசுவான், அதில் குறை சொல்ல முடியாது. ஆர்தர் கின்னஸ் 1759-இல் டப்ளினில் மூடிக் கிடந்த ஒரு மதுவடிசாலையைக் குத்தகைக்கு எடுத்தாரே, எத்தனை வருடத்துக்கு என்று கூட்டத்தைக் கேட்பான். பத்து, முப்பது என்று ஆரம்பித்து, வீட்டு நிலமே அரசாங்கக் குத்தகையாக உள்ள யாராவது ஒருவர் தொண்ணூற்றொன்பது என்பார். "ஒன்பதாயிரம் வருடம்" என்று கிருபாலன் நிறுத்தி நிதானமாகச் சொல்லும்போது மண்டபம் வாயைப் பிளக்கும். ரப்பர் தோட்டத்தில் பிள்ளை பெற்றவளுக்கு மருந்து என்று ஊற்றிக் கொடுத்தார்களே, அதே கறுப்பு ஸ்டவுட் பீர்க்காரர்தான் என்று சேர்த்துச் சொன்னால் பின்வரிசைக் கிழவர்கள் கைதட்டுவார்கள். அடுத்து டோனி ரயன். ரயில் ஓட்டுநர் மகன், விமான நிறுவனத்தில் சம்பளத்துக்கு இருந்தவர், நாற்பதைத் தொடும் நேரத்தில் விமானங்களை வாடகைக்கு விடும் கம்பெனி தொடங்கியவர். பிறகு சொந்த விமான நிறுவனம், ஒரு பெரிய சரிவு, மறுபடி எழுச்சி. இந்த இடத்தில் கிருபாலன் அடுத்த படத்துக்குப் போகாமல் நின்றுவிடுவான். ரயில்வே குடும்பம், மாதச் சம்பளம், நாற்பது வயது. யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்பது சில சமயம் அவனுக்கே மறந்துபோகும்.

கடைசிப் படத்தில் "உண்மையான தொழில்முனைவர் யார்?" என்ற கேள்வி இருக்கும். கீழே ஐந்து பதில்கள். துணிச்சல், விடாமுயற்சி என்று போகும் அந்தப் பட்டியலை ஒவ்வொரு கூட்டத்துக்கும் மாற்றிக்கொண்டே இருப்பான். ஏனோ அவனுக்கு அது திருப்தியாக அமைந்ததே இல்லை.

சென்ற வருடம் பாச்சாங்கில் பேசியபோதுதான் பமேலா எழுந்து நின்றாள். சுங்கை ரம்பாய் பக்கத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். முப்பத்து மூன்று வயது. ஏதோ ஒரு கம்பெனியில் டெக்னீஷியன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் உம்பாய்க் கடல் உணவுக் கடைகளுக்குப் போய், நண்டும் மீனும் உயிரோடு கிடக்கும் தொட்டிகளுக்குக் காற்றுப் பம்ப் பழுது பார்ப்பாளாம்.

"சார், குத்தகையில கையெழுத்து போட்டாருல்ல, மறுநாள் காலையில அவரு என்ன செஞ்சாரு?"

கிருபாலன் லிமரிக்கில் படித்ததையெல்லாம் மனதுக்குள் புரட்டிப் பார்த்தான். எந்தப் புத்தகத்திலும் அது இல்லை. சமாளிப்பதற்காக அவளிடம் தொட்டிகளைப் பற்றி விசாரித்தான். பம்ப் நின்றுபோனால் சில மணி நேரத்தில் தொட்டியே செத்து மிதக்கும், கடைக்காரனுக்குக் காலையில் வந்து பார்த்தால்தான் தெரியும் என்றாள். அடுத்த வாரம் முழுக்க அவன் வீட்டில் ஈயம் உருக்கும் சாலிடர் வாசனை. பம்ப் நின்ற உடனே கைப்பேசிக்குச் செய்தி அனுப்பும் சின்னப் பெட்டி ஒன்றைச் செய்து முடித்தான். கைக்குள் அடங்கும் அளவு. பமேலா அதை நான்கு கடைகளில் மாட்டிப் பார்த்தாள். ஆறு மாதத்தில் பதினொரு கடைகள் கேட்டன. பட்டறை வேண்டும், ஆள் வேண்டும் என்ற நிலை வந்தபோது, "அண்ணே, நீங்களும் நானும் சேர்ந்து போடுவோம்லா" என்றாள். அவள் எப்போது சாரை விட்டு அண்ணனுக்கு மாறினாள் என்று அவன் கவனிக்கவில்லை. சரி என்று சொன்னது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

சொன்ன கையோடு பாதுகாப்புக்கு ஒரு காரியமும் செய்தான். வேலையை விடவில்லை. சம்பளமில்லாத விடுப்பு ஒரு வருடம் வேண்டும் என்று எழுதிப் போட்டான். இந்தத் தொழிற்சாலையில் அப்படியெல்லாம் யாருக்கும் கொடுத்ததில்லை, கண்டிப்பாக மறுத்துவிடுவார்கள் என்பது அவன் கணக்கு. மூன்றே நாளில், வாழ்த்துச் சொல்லி ஒப்புதல் கடிதம் வந்துவிட்டது. இப்போது ஜனகாவும் கைவிட்டுவிட்டாள். மிஞ்சியிருந்தவர் அண்ணன் ஒருவர்தான்.

சனிக்கிழமை காலை எழுந்ததும் குளித்துவிட்டு அம்பிகைபாகன் வீட்டுக்கு ஓடினான். அறுபத்திரண்டு வயதிலும் சட்டைப் பையில் பேனா குத்திக்கொண்டு வீட்டுக்குள் நடமாடுபவர். தம்பி புதுக் கைப்பேசி வாங்கினாலே பழசுக்கு என்ன கேடு என்று ஒரு மணி நேரம் திட்டுபவர். கிருபாலன் விஷயத்தைக் கொஞ்சம் பயங்கரமாகவே சொன்னான். வேலை போனாலும் போய்விடும் என்றான். கூட்டாளி தோட்டத்துப் பெண், படிப்பு டிப்ளோமாதான் என்றும் அவர் காதில் போட்டுவைத்தான். சொன்ன அடுத்த நொடி தன்மேல் அவனுக்கே அருவருப்பாக இருந்தது.

அம்பிகைபாகன் பேனாவைப் பையிலிருந்து எடுத்து மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டினார்.

"நான் முப்பத்தாறு வருசம் மற்றவன்ர நிலத்தை அளந்தனான்" என்றார் கடைசியில். "ஒரு துண்டு வாங்கிப் போட எனக்குத் தைரியம் வரேல்ல. நீ போய்ச் செய். தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ."

தேநீர் கொதிக்கக் கொதிக்க உள்ளே போனது. நாக்கு வெந்தது. தடுக்க ஒரு நாதி இல்லை. இவ்வளவு காலமும் யார் யாரையோ சாக்கு வைத்திருந்தோமே, அத்தனை பேரும் ஒரே வாரத்தில் விலகி நின்றுகொண்டு வழி விட்டால் மனிதன் என்னதான் செய்வான் என்று அவனுக்கு ஆத்திரமாக வந்தது. வீட்டுக்குப் போகாமல் காரை எடுத்துக்கொண்டு ஊரைச் சுற்றினான். இரண்டு முறை பெட்ரோல் நிலையத்தில் நிறுத்தி, பெட்ரோல் போடாமலே கிளம்பினான்.

மூன்று மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது உம்பாய் வந்து சேர்ந்தான். கடை திறந்திருந்தது. கடை முதலாளியான சீனத் தவுக்கே மடக்கு மேசையில் அக்ரிமெண்டை விரித்து வைத்திருந்தார். பமேலா உள்ளே தண்ணீர்க் குழாயைத் திறந்து மூடிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, நேத்து நான் ரிசைன் பண்ணிட்டேன்" என்றாள், சந்தையில் வெங்காயம் வாங்கிவிட்டேன் என்பது போல.

"முழுசாவா?"

"அரைகுறையா ரிசைன் பண்ண முடியுமாண்ணே?"

தவுக்கேவின் நிபந்தனை எளிமையானது. வாடகைக்கு இரண்டு பேர் பொறுப்பேற்க வேண்டும், இரண்டு பெயரும் வேண்டும். இல்லையென்றால் டயர் கடைக்காரர் ஒருவர் திங்கட்கிழமைக்குள் எடுத்துக்கொள்ளத் தயார். கிருபாலன் பேனாவைக் கையில் எடுத்தான். எடுத்ததும் கேள்விகள் வரத் தொடங்கின. கடல் ஏறினால் தண்ணீர் உள்ளே வருமா? மூன்று வருடத்துக்கு நடுவில் விட்டுப்போக வழி உண்டா? கூரை ஒழுகினால் யார் பொறுப்பு? எல்லாம் நியாயமான கேள்விகள். பதிலும் வந்தது. பதில் வர வர அவன் புதிது புதிதாகக் கேட்டான்.

அப்போது பமேலாவின் கைப்பேசி கூவியது. அவன் செய்த பெட்டியிலிருந்து வந்த செய்தி. நான்காவது கடையில் பெரிய தொட்டியின் பம்ப் நின்றுவிட்டது.

"சனிக்கிழமை கூட்டத்துக்கு நண்டு நிறைச்சு வச்சிருப்பாங்கண்ணே. நான் ஓடிப் போய்ப் பார்த்துட்டு வரேன். நீங்க போட்டு வைங்க, வந்து நான் போடறேன்." கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் ஏறிப் போய்விட்டாள்.

தன் பெட்டி வேலை செய்கிறது என்ற பெருமை கிருபாலனுக்கு ஒரு நிமிடம்தான் நிலைத்தது. பிறகு அவனும் காகிதமும்தான் இருந்தார்கள். பெயருக்குப் பக்கத்தில் புள்ளிக் கோடு. அதன்மேல் பேனா முனையை வைத்தான். எடுத்தான். எழுந்து வாசல்வரை நடந்து திரும்பி வந்தான். அக்ரிமெண்டை முதல் பக்கத்திலிருந்து மறுபடி படித்தான்.  வேண்டுமா வேண்டாமா என்று தவுக்கே மலாயில் கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. ஒரு பெண்பிள்ளை நேற்று வேலையை விட்டுவிட்டு வந்து நிற்கிறாள், உன்னை நம்பித்தான் விட்டாள், போடு என்று அவன் தன்னையே அதட்டிப் பார்த்தான். கை அசையவில்லை. முக்கால் மணி நேரம் அப்படியே போயிற்று.

பமேலா முழங்கால்வரை நனைந்து திரும்பி வந்தாள். "ஒயர்தான் அறுந்துருக்கு. நண்டு தப்பிச்சிருச்சு" என்று சொல்லிக்கொண்டே மேசையைப் பார்த்தாள். புள்ளிக் கோடு காலியாக இருந்தது. அவனைப் பார்த்தாள். அந்தப் பார்வையை அவனால் தாங்க முடியவில்லை.

"பமேலா, திங்கட்கிழமைவரைக்கும் டைம் கேட்போமா? நான் இன்னும் ஒருதடவை…"

 அவள் முகம் ஒரு கணம் அழுவது போலக் கோணியது. ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு கடையின் பின்பக்கம் வரை நடந்து போனாள். குழாய் இருந்த சுவரைத் தட்டிப் பார்த்தாள். திரும்பி வந்து தவுக்கேயிடம் மலாயில் பேசினாள். முன்பக்கம் டயர் கடைக்காரருக்கே போகட்டும். எனக்குப் பின்பக்கம் போதும், தண்ணீர் அங்கேதான் வருகிறது, பாதி வாடகை, நடுவில் பலகைத் தடுப்பு என் செலவு, பெயர் என் பெயர் மட்டும். தவுக்கே தாடையைத் தடவினார். இரண்டு வாடகைக்காரர் என்றால் அவருக்கும் பயமில்லை. "போலே" என்று மலாயில் சம்மதித்தார்.

அவ்வளவுதான் நேரம் பிடித்தது. அவரே அடித்துத் திருத்திய காகிதத்தில் பமேலா நின்றபடியே கையெழுத்துப் போட்டாள். கிருபாலன் பெயர்மேல் நேராக ஒரு கோடு விழுந்தது. பதினைந்து வருடம் ஊர் ஊராகப் போய் மாற்றி மாற்றி எழுதிய ஐந்து பதில்களும் அவனுக்கு அப்போது வெறும் பேச்சாகப் பட்டன. வெட்கத்தில் காது கொதித்தது. அதோடு, சொல்லக் கூசினாலும் உண்மை, நெஞ்சுக்குள் ஜில்லென்று ஒரு நிம்மதியும் பரவியது. கீழே குனிந்து பார்த்தான். கால் ஆடவில்லை.

பமேலா அவன் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"அண்ணே, அந்தப் பெட்டிய உங்கள மாதிரி யாராலயும் செய்ய முடியாது. நீங்க வேலைய விட வேணாம். சனிக்கிழமை சனிக்கிழமை வாங்க. சம்பளம் தரேன்."

அவள் குரலில் குத்தல் ஏதும் இல்லை. ஆள் தேவை, கேட்கிறாள். மன்னிப்புக் கேட்க வேண்டும், கூட்டாளியாகவே இருக்கிறேன், கொடு, இப்போதே போடுகிறேன் என்று சொல்ல வேண்டும் என்றுதான் கிருபாலன் வாயைத் திறந்தான்.

"இபிஎஃப் வெட்டுவியா?" என்று கேட்டுவிட்டான்.

அவள் சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. ஓய்வுக்காலச் சேமநிதியைப் பற்றி ஒரு தொழிலாளி முதலாளியிடம் கேட்கும் கேள்விதானே என்று அவளும் பொறுப்பாக எடுத்துக்கொண்டாள்.

"கண்டிப்பா வெட்டுவேண்ணே. முறையா செய்வோம்." பையிலிருந்து நோட்டை எடுத்துப் புதுப் பக்கம் புரட்டினாள். "ஐசி நம்பர் சொல்லுங்க."

கிருபாலன் தன் அடையாள அட்டையின் பன்னிரண்டு இலக்கத்தையும் தடுமாறாமல் சொன்னான்.