மஞ்சள் தேய்த்த வாய்

வெள்ளறடை கிறிஸ்தவ சபைக் கூடத்தில் ஜன்னல்களைப் போர்வையால் மூடிவிட்டு, காலையிலிருந்து வாய் வாயாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். புற்றுநோய்ச் சோதனை முகாம். நான் ரெஷ்மா, விளக்குப் பிடிக்கிறவள். நீல வெளிச்சத்தை வாய்க்குள் அடித்துக் கண்ணாடி வழியே பார்க்க வேண்டும். நல்ல சதை பச்சையாக ஒளிரும், கெட்ட இடம் கருத்து நிற்கும். அவ்வளவுதான் வேலை. தொண்ணூறு வாய் தாண்டினால் மனிதர்கள் மேலேயே ஒரு சலிப்பு வந்துவிடும்.

அடுத்து வந்த தேவகுமார் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர். முப்பது வருடமாக வெற்றிலை, புகையிலை. கன்னத்துக்குள் இரண்டு மாதமாக எரிச்சல். அவருடைய அண்ணன் வாய்ப்புற்றில்தான் போனார். விளக்கை அடித்தேன். வாய் முழுக்கப் பளிச்சென்று இருந்தது, கருப்பே இல்லை.

"ஒண்ணுமில்லண்ணா" என்று சொல்லி, தாளிலும் எழுதினேன்.

"சத்தியமாட்டா மக்கா?" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, மனைவிக்காக ஓரமாகப் போய் நின்றார்.

மனைவி ஆனந்தபாய் வெற்றிலை தொடாதவர். அவர் வாயும் அதே பளிச். எச்சில்கூட ஒளிர்ந்தது. எச்சில் எங்கேயாவது அப்படி ஒளிருமா?

"அக்கா, வாயில என்னத்த தேச்சிய?"

"மஞ்சளும் உப்பும். வாய சுத்தமாட்டு கழுவிட்டு வரணும்னு ஆராதனையில வாசிச்சாவல்லா? ஊரே அப்படித்தான் வந்திருக்கு. டாக்டர்மாருக்கு முன்னால நாத்த வாயத் திறக்க ஒக்குமா?"

அந்த அறிவிப்பை எழுதிக் கொடுத்தவள் நான்தான். இந்த வெளிச்சத்தில் மஞ்சள் தானாகவே ஒளிரும். மஞ்சளின் சத்தைக் கொடுத்து, மேலே ஒளி பாய்ச்சிப் புற்றைப் பொசுக்க முடியுமா என்றுகூட ஆராய்கிறார்கள். இதையெல்லாம் படித்துப் பரீட்சையும் எழுதியிருக்கிறேன். என்ன பிரயோசனம்? காலையிலிருந்து நான் பார்த்ததெல்லாம் மஞ்சளைத்தான். என் மேலேயே ஆத்திரம் வந்தது, அழுகையும் வந்தது.

தேவகுமாரைத் திரும்ப உட்காரவைத்தேன். பஞ்சால் துடைத்து, பலமுறை கொப்பளிக்கவைத்து, மறுபடி விளக்கை அடித்தேன். இடது கன்னத்தில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒளி இல்லை.

"பெரிய ஆஸ்பத்திரிக்குப் போணும் அண்ணா. சதை எடுத்துப் பாத்தாத்தான் உறுதியாத் தெரியும்."

அவர் மேசையிலிருந்த தாளைத் தொட்டார்.

"மக்கா, மொதல்ல எழுதினத அப்படியே விட்டா போதாதா?"

போதும் என்று சொல்லத்தான் எனக்கும் ஆசை. பழைய வரியை அடித்துவிட்டுப் புதிதாக எழுதிக் கொடுத்தேன். பிறகு பட்டியலை எடுத்து, நிம்மதியாக வீடு போய்ச் சேர்ந்திருந்த தொண்ணூற்று மூன்று பேரில் முதல் ஆளுக்கு போன் போட்டேன்.