குளிர் விடுமுன் சுவிட்ச் போட்ட பெட்டி

"நீதானேடா சுவிட்ச போட்ட?"

"ஒரே ஒரு நிமிஷம்க்கா. வால்வு எரியுதான்னு பாத்தேன், உடனே நிறுத்திட்டேன்."

"ஒரு நிமிஷமாம்! உன் கைக்கு வந்து எது உருப்பட்டிருக்கு? காரா, கல்யாணமா?"

"மாஸ்டர் முன்னாடி கல்யாணத்த ஏங்கா இழுக்கற?"

மாஸ்டர் என்பது நான்தான், ஓராஸ். நம் சுரங்க ஊரான கரகண்டாவில் பழைய வால்வு டிவி சரிசெய்கிறேன். பழைய டிவி பிரியர்களின் இந்த இணையக் குழுவில் பலருக்கு என்னைத் தெரியும். சண்டை போட்டவர்கள் குல்யாஷ் அக்காவும் அவருடைய தம்பி தெமிர்பெக்கும். நடுவில், என் மேசைமேல், அவர்களுடைய அம்மாவின் டிவி. சுரங்கத்தில் ஆட்களுக்கு விளக்கு எடுத்துக் கொடுக்கும் அறையில் வேலை பார்த்து அந்த அம்மா வாங்கியது. இந்த மாதம் இருபத்து மூன்றாம் தேதியோடு அவர் இறந்து ஒரு வருஷம். அன்றைய விருந்தில் டிவி ஓடவேண்டும் என்பது அக்காவின் ஆசை.

அக்கா கடைசியாக இப்படிச் சொன்னார்: "விருந்தன்னைக்கு நீ வாசல்ல நின்னு யாரையும் வரவேற்க வேணாம். சித்தப்பா பையன் நிப்பான். நீயும் வந்தவங்களோட உக்காந்து சாப்ட்டுட்டுப் போ."

தெமிர்பெக் ஒரே மகன். அம்மாவின் வருஷ விருந்தில் வாசலில் நிற்காத மகனை நம் ஊர் என்ன பேசும் என்று உங்களுக்கே தெரியும். அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். நான் சால்டரிங் அயனைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். அதில் துடைக்க ஒன்றும் இல்லை.

அந்த டிவியைக் கெடுத்தது நான்.

போன வியாழக்கிழமை, மைனஸ் இருபத்தெட்டு டிகிரி குளிரில், தோட்டத்து வீட்டுக் கொட்டகையிலிருந்து அதைக் கொண்டுவந்து இறக்கினார்கள். குளிரிலிருந்து வந்த பெட்டியை ஒரு முழு நாள் தொடக்கூடாது, உள்ளே ஈரம் கோத்துக்கொள்ளும் என்று இதே குழுவில் நானே பத்து தடவை எழுதியிருக்கிறேன். ஆனால் படக்குழாய் கீறல் இல்லாமல் பளிச்சென்று இருந்தது. ஆசை. இரண்டு மணி நேரத்தில் சுவிட்சைப் போட்டுவிட்டேன்.

திரையில் வெளிச்சம் வந்தது. நாலு வினாடி. அப்புறம் உள்ளே சடசடவென்று சத்தம், மெழுகு கருகிய நாற்றம். படக்குழாய்க்கு மின்சாரம் ஏற்றும் லைன் டிரான்ஸ்ஃபார்மர் போய்விட்டது.

மறுநாள் அக்காவுக்குப் போன் செய்து, "அது எங்கிட்ட வர்றதுக்கு முன்னாடியே போயிருந்துச்சுக்கா" என்றேன். கொட்டகையில் தெமிர்பெக் போட்டுப் பார்த்தது அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்த பிறகும் வாயைத் திறக்கவில்லை.

சண்டைக்கு மறுநாள் தெமிர்பெக் தனியாக வந்தார். கையில் குதிரைக்கறி சாசேஜ், பழைய சாமான் சந்தையில் வாங்கிய இரண்டு டிரான்ஸ்ஃபார்மர். இரண்டுமே இந்த செட்டுக்குப் பொருந்தாதவை. "நான் கெடுத்துட்டேன் மாஸ்டர். எப்படியாவது ஓட வச்சுக் குடுங்க. அக்கா முகத்தப் பாக்க முடியல" என்றார்.

அந்த சாசேஜை என்னால் வாயில் வைக்க முடியவில்லை. அன்று மாலையே அக்காவைக் கூப்பிட்டேன்.

"அக்கா, டிவிய கெடுத்தது தம்பி இல்ல. நான்."

"அவனுக்குப் பரிஞ்சு பேசறீங்களா?"

"இல்லக்கா. குளிர் விடறதுக்குள்ள போட்டுட்டேன்."

"அவன நான் வாசல்ல நிக்காதன்னு சொன்னப்ப நீங்க அங்கதான நின்னீங்க?"

"ஆமாக்கா."

"எங்கிட்ட ஏன் சொல்றீங்க? போய் அவன்கிட்ட சொல்லுங்க."

இன்று காலை போனேன். கதவருகில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். தெமிர்பெக் செருப்பு வைக்கும் மரப்பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப, ஓடிச்சா?"

"நாலு வினாடி."

"வெளிச்சம் வந்துச்சா?"

"திரை முழுக்க."

"நான் கெடுக்கல" என்றார், என்னிடம் இல்லை, தரையைப் பார்த்து. அப்புறம் எழுந்து கதவைத் திறந்து பிடித்தார். வந்தவனுக்கு ஒரு வாய் டீ ஊற்றாமல் அனுப்புகிற வீடு இல்லை அது. எனக்கு ஊற்றவில்லை. சரிதான்.

விருந்தன்று வாசலில் தம்பிதான் நிற்பாராம், மத்தியானம் அக்கா செய்தி அனுப்பினார். எனக்கு வேறு ஒரு வார்த்தையும் இல்லை.

விருந்துக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. பெட்டியின் முன்பக்கப் படத்தையும், கருகிய டிரான்ஸ்ஃபார்மர் படத்தையும் கீழே போட்டிருக்கிறேன். எனக்கு ஆறுதல் யாரும் எழுத வேண்டாம். இதே மாதிரி செட் யாரிடமாவது பரணில், கொட்டகையில், உடைந்த நிலையில் கிடந்தாலும் சரி, எந்த ஊர் என்று மட்டும் பதில் எழுதுங்கள். நானே வந்து எடுத்துக்கொள்கிறேன்.